உடலுக்குள் விளையும் அபினி

பெங்களூரில் குடியேறிய தமிழ்க் குடும்பங்கள் அண்டை வீட்டாரிடமிருந்து கற்றுக்கொண்ட பண்டங்களுள் கசகசாப் பாயசமும் ஒன்று. கசகசாவை வறுத்து, தேங்காயோடு சேர்த்து அரைத்து, வெல்லமும் ஏலக்காயும் இட்டுக் காய்ச்சுவார்கள். விருந்தில் இப்பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்தவர்கள் பிற்பகலில் கண்ணயர்ந்துவிடுவார்கள் என்று இவ்வூரில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவ்வுறக்கத்துக்குக் காரணம் பாயசத்தைவிட விருந்தின் அளவே என்பது நமது எண்ணம். எனினும் அந்த வேடிக்கைப் பேச்சுக்கு ஓர் அடிப்படை இருக்கத்தான் செய்கிறது. கசகசா என்பது அபினிச் செடியின் காய்க்குள் இருக்கும் விதையே. காய் பச்சையாக இருக்கும்போது அதன் மேல்தோலைக் கீறிவிட்டால் வெண்மையான பால் கசியும். அது காற்றுப்பட்டுப் பழுப்பேறி இறுகினால் அபினி. விதையினுள் அந்தப் பால் அநேகமாக இல்லை. ஆயினும் விதையின் மேல் ஒட்டிக்கொண்டு வரும் சொற்பமே, நுட்பமான சிறுநீர்ப் பரிசோதனையில் தன்னைக் காட்டிக்கொடுப்பதற்குப் போதுமானது.

நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசாங்க உரிமம் பெற்ற விவசாயிகள் இச்செடியைப் பயிரிடுகிறார்கள். காஜிப்பூரிலும் நீமச்சிலும் உள்ள அரசாங்க ஆலைகள் அபினியைப் பக்குவப்படுத்தி மருந்துக்கு உரியதாக்குகின்றன. அந்தப் பாலில் உள்ள முதன்மையான சத்தை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செர்ட்யூர்னர் என்ற ஜெர்மானிய மருந்தாளர் பிரித்தெடுத்து, கிரேக்கரின் கனவுத் தெய்வத்தின் பெயரால் அதற்கு மார்பீன் என்று பெயரிட்டார். வேதனையைத் தணிப்பதில் அதற்கு நிகரான மருந்து அரிது. மனிதனைத் தன்னிடம் கட்டிப்போடுவதிலும் அவ்வாறே.

நமது தொழில் மொழிபெயர்ப்பு. மருத்துவம் நாம் பயின்ற துறை அன்று. இந்த விஷயத்துக்குள் நாம் நுழைய நேர்ந்தது ஒரு சொல்லின் மூலமாகத்தான். போதைப் பழக்கத்தைப் பற்றிய துண்டுப் பிரசுரம் ஒன்று தமிழாக்கத்துக்காக நமது மேசைக்கு வந்தது. அதில் ‘வித்டிராயல்’ என்ற சொல் வரிக்கு வரி வந்தது. கணிப்பொறி அதற்குத் தந்த தமிழ் ‘திரும்பப் பெறுதல்’ என்பது. வங்கியில் போட்ட பணத்தைத் திரும்பப் பெறலாம். அபினியை நிறுத்திய ஒருவன் எதைத் திரும்பப் பெறுகிறான்? ‘விலகல் குறிகள்’ என்று சிலர் எழுதுகிறார்கள். நாம் பலநாள் தயங்கி, ‘நிறுத்தத் துன்பம்’ என்று எழுதினோம். துன்பம் என்ற சொல்லைச் சேர்த்தே தீரவேண்டும் என்று நமக்குத் தோன்றியதற்குக் காரணம், நமது அலுவலக நண்பர் ஒருவரின் தம்பி.

அந்த இளைஞர் மோட்டார் சைக்கிள் விபத்தில் கால் முறிந்து, வேதனைக்காகச் சாப்பிடத் தொடங்கிய மாத்திரையை, எலும்பு கூடிய பின்னரும் விடமுடியாமல் போனவர். அபினி இனத்தைச் சேர்ந்த மருந்து அது. வீட்டார் உண்மையை அறிந்ததும் மாத்திரைகளைப் பறித்துவிட்டு, மாடி அறையில் அவரைப் பூட்டிவைத்தார்கள். முதல் நாள் மாலையே கொட்டாவியும், கண்ணீரும், மூக்கில் நீர் வடிதலும் தொடங்கின. பிறகு உடம்பெங்கும் மயிர்க்கூச்சு, வயிற்றுப் பிடிப்பு, வாந்தி, பேதி, எலும்புக்குள் குடைச்சல். கால்கள் தாமாகவே உதைத்துக்கொண்டன. கண்மணிகள் அகன்றிருந்தன. மூன்று இரவுகள் அவர் உறங்கவில்லை. கீழே இருந்தவர்களும் உறங்கவில்லை. “மன உறுதி இருந்தால் இப்படிக் கத்துவானா?” என்று தகப்பனார் கேட்டாராம்.

அந்தக் கேள்விக்கு விஞ்ஞானம் தந்துள்ள விடை, 50 ஆண்டுகளுக்கு மேலாக நம்மிடையே இருக்கிறது. அது பலருடைய காதுக்கு எட்டவில்லை என்பதே குறை.

ஒரு செடியின் பால் மனிதனுடைய மூளையில் இத்தனை துல்லியமாக வேலை செய்வதேன்? பூட்டு ஒன்று உள்ளே இருந்தாலன்றி இச்சாவிக்குப் பயன் இல்லை. 1973ஆம் ஆண்டில் அந்தப் பூட்டு கண்டறியப்பட்டது. அமெரிக்காவில் பால்டிமோர் நகரில் கேண்டஸ் பெர்ட் என்ற இளம் பெண்மணியும் அவருடைய ஆசிரியர் சாலமன் ஸ்னைடரும், கதிரியக்கக் குறியிட்ட ஒரு மருந்து மூளைத் திசுவில் குறிப்பிட்ட இடங்களில் சென்று பற்றிக்கொள்வதைக் காட்டினார்கள். அதே ஆண்டில் நியூயார்க்கில் எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரீனியஸும் தனித்தனியே இம்முடிவுக்கு வந்தார்கள். இவ்விடங்களுக்குத் தமிழில் ‘ஏற்பிகள்’ என்று பெயர் வழங்குகிறது.

பூட்டு இருப்பது தெரிந்ததும் அடுத்த கேள்வி தானே எழுந்தது. இயற்கை இந்தப் பூட்டை வயலில் விளையும் செடிக்காகவா செய்துவைத்தது? உடலுக்குள்ளேயே ஒரு சாவி இருக்கவேண்டும் அல்லவா?

அதைத் தேடியவர்களுள் முந்திக்கொண்டவர்கள் ஸ்காட்லாந்தின் அபர்டீன் நகரில் இருந்த ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸும் ஜான் ஹியூஸும் ஆவர். கோஸ்டர்லிட்ஸ் 1934இல் பெர்லினை விட்டு வெளியேறி ஸ்காட்லாந்துக்கு வந்தவர். பிறர் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வீட்டில் அமரும் 70 வயதில், 1973இல், போதை மருந்துகளுக்கென ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். ஹியூஸ் விடியற்காலையில் சைக்கிளில் இறைச்சிக் கூடத்துக்குச் சென்று பன்றி மூளைகளை வாங்கி வருவார். அங்கிருந்த தொழிலாளரின் தயவைப் பெற விஸ்கி புட்டியும் உடன் செல்லும் என்பார்கள். மூளைகளை அரைத்து, வடித்து, அச்சாற்றை உயிருள்ள ஒரு சிறு தசைத் துண்டின் மீது விட்டுப் பார்ப்பார்கள். மின்சாரம் பாய்ச்சினால் துடிக்கும் அத்தசை, மார்பீன் பட்டால் அடங்கும். மூளைச்சாறு பட்டபோதும் அடங்கியது. மார்பீனை முறிக்கும் நலாக்சோன் என்னும் மருந்தை விட்டதும் மீண்டும் துடித்தது.

1975இல் அவர்கள் வெளியிட்ட கண்டுபிடிப்பு என்கெஃபலின் எனப்படும் இரு பொருள்கள். ‘தலைக்குள் இருப்பது’ என்பது அந்தக் கிரேக்கச் சொல்லின் கருத்து. இவை பெப்டைடு வகையைச் சேர்ந்தவை. புரதம் ஒரு நீண்ட மணிமாலை என்றால், பெப்டைடு அதில் அறுத்தெடுத்த சிறு துண்டு. அமினோ அமிலங்கள் என்பன மணிகள். என்கெஃபலினுக்கு 5 மணிகள்தான். இரண்டுக்கும் முதல் நான்கு மணிகள் ஒன்றே. ஐந்தாவது மட்டும் வேறு.

மறு ஆண்டில் சான்பிரான்சிஸ்கோவிலிருந்து மற்றொரு செய்தி வந்தது. சோ ஹாவ் லீ என்ற சீன விஞ்ஞானி, கொழுப்பைக் கரைக்கும் ஒரு சுரப்புப் பொருளைத் தேடி, கொழுப்புக் குறைந்த பிராணியாகிய ஒட்டகத்தின் பிட்யூட்டரிச் சுரப்பிகளை ஈராக்கிலிருந்து வரவழைத்திருந்தார். தேடியது கிட்டவில்லை. 31 மணிகளைக் கொண்ட ஒரு துண்டு கிட்டியது. அதுவே பீட்டா எண்டார்பின். வேதனையை அடக்குவதில் அது மார்பீனையே விஞ்சியது. ‘உள்ளே விளையும் மார்பீன்’ என்ற பொருளில் எண்டார்பின் என்னும் பெயரைத் தந்தவர், முன் சொன்ன எரிக் சைமன். அகம், புறம் என்று வாழ்க்கையையே இரண்டாகப் பகுத்த மொழி நம்முடையது. அக அபினி, புற அபினி என்று சொல்லிவிட்டால் இந்த ஆராய்ச்சியின் பாதி விளங்கிவிடும். 1979இல் டைனார்பின் என்ற மூன்றாவது வகையும் கண்டறியப்பட்டது.

அக அபினிக்கு உடலில் பல வேலைகள் உண்டு. அடிபட்டவர் சற்று நேரம் வேதனையே தோன்றாமல் நடந்து செல்வதில் அதற்குப் பங்கு உண்டு. குடலின் ஓட்டத்தையும் சுரப்பையும் அது அளவோடு வைக்கிறது. மூச்சு, மனநிலை, இன்ப உணர்ச்சி ஆகியவற்றிலும் அதன் கை இருக்கிறது. முக்கியமான விஷயம் யாதெனில், அது வேண்டிய இடத்தில் வேண்டிய நொடியில் சுரந்து, சில நொடிகளிலோ நிமிஷங்களிலோ என்சைம்களால் சிதைக்கப்பட்டுவிடுகிறது. புற அபினி அவ்வாறன்று. அது மூளை முழுவதையும் நனைக்கிறது, மணிக்கணக்கில் தங்குகிறது, நாள்தோறும் வருகிறது.

அப்போது மூளை என்ன செய்யும்? வெளியிலிருந்து அபினி வருவதால் உள்ளே அதன் சுரப்பு நின்றுவிடுகிறது, அதனால்தான் துன்பம் என்று பலரும் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் ஆராய்ச்சிகள் இதில் ஒரே குரலில் பேசவில்லை. ஐயத்துக்கு இடமின்றித் தெரியும் மாறுதல், சாவியில் அன்று, பூட்டு இருக்கும் வீட்டில் நடப்பதாகும். அதைக் காட்டிய சோதனையில் ஒரு இந்தியரின் பெயர் முதலில் நிற்கிறது. 1975இல், ஹர் கோவிந்த் குரானாவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மார்ஷல் நீரன்பர்க்கின் ஆய்வுக்கூடத்தில், ஷைல் குமார் சர்மாவும் வெர்னர் கிளீயும் நரம்பணுவின் தன்மை கொண்ட உயிரணுக்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்து, அவற்றை மார்பீனில் ஊறவிட்டார்கள். உயிரணுவுக்குள் செய்தி சுமக்கும் ஒரு பொருளைத் தயாரிக்கும் என்சைம் உண்டு. மார்பீன் அதை அமுக்கியது. உயிரணுவோ சும்மா இருக்கவில்லை. நாள் செல்லச் செல்ல அந்த என்சைமின் வேகத்தைக் கூட்டிக்கொண்டு, மார்பீன் இருக்கும்போதே பழைய நிலைக்கு வந்துவிட்டது. அதே பயனைப் பெற மேலும் மேலும் மருந்து வேண்டியிருப்பதன் காரணம் இதுவே. பிறகு மார்பீனை அகற்றினார்கள். அமுக்கிய கை எடுபட்டதும், கூட்டிவைத்த வேகம் முழுவதும் வெளிப்பட்டு, செய்திப் பொருள் அளவுக்கு மீறிப் பெருகியது.

கண்ணாடித் தட்டில் கிடக்கும் உயிரணுவுக்கு மனமும் இல்லை, உறுதியும் இல்லை, ஒழுக்கக் கேடும் இல்லை. ஆயினும் அது நிறுத்தத் துன்பத்தை அடைந்தது. மாடி அறையில் கத்தியவரின் தகப்பனாருக்கு நாம் இதைத்தான் சொன்னோம். அவர் உடனே ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

மூளைத் தண்டில் நீலப் புள்ளி என்று பெயர் பெற்ற ஒரு சிறு நரம்புத் திரள் உண்டு. உடலை விழிப்பில் வைப்பதும், நாடியை முடுக்குவதும் அதன் வேலைகளுள் சில. அபினி அதை அமுக்கிவைக்கிறது. அது எதிர்த்து வலுவேற்றிக்கொள்கிறது. அபினி நின்றதும் கட்டுக்கடங்காமல் முழங்குகிறது. மயிர்க்கூச்சு, வியர்வை, படபடப்பு, உறக்கமின்மை ஆகியவற்றில் பெரும்பகுதி அந்த முழக்கத்தின் எதிரொலி. ஹெராயினை நிறுத்தியவருக்கு 8 முதல் 12 மணி நேரத்தில் இது தொடங்கி, இரண்டாம் மூன்றாம் நாள்களில் உச்சம் அடைந்து, ஒரு வாரம் பத்து நாளில் பெரும்பாலும் அடங்கும். உறக்கமும் மனத் தெளிவும் திரும்புவதற்கு இன்னும் பல வாரங்கள் ஆகலாம்.

அப்படியானால் மூளையின் சொந்தப் பெப்டைடையே மருந்தாகக் கொடுத்து இத்துன்பத்தைத் தணிக்கலாகாதா? 1970களில் இந்த ஆசை விஞ்ஞானிகளைப் பெரிதும் ஆட்கொண்டது. சில ஹெராயின் அடிமைகளுக்குப் பீட்டா எண்டார்பினை ஊசி மூலம் செலுத்திப் பார்த்தார்கள். துன்பம் சிறிது தணிந்ததாக எழுதினார்கள். 1982இல் ஹாங்காங்கில் வென், ஹோ என்ற இருவர் டைனார்பினைச் செலுத்தி அவ்வாறே அறிவித்தார்கள். இந்த வென் என்பவரே, அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன், அறுவைச் சிகிச்சைக்காக ஊசி குத்தி மின்சாரம் பாய்ச்சிய நோயாளிகளுள் அபினிப் பழக்கம் உடையவர்களுக்கு நிறுத்தத் துன்பம் குறைவதைத் தற்செயலாகக் கண்டவர். அக அபினி சுரப்பதே காரணம் என்று பின்னர் கருதப்பட்டது. அந்தச் சிகிச்சையின் பயனைப் பற்றிப் பிற்காலச் சோதனைகள் ஒத்த முடிவைத் தரவில்லை.

பெப்டைடு மருந்தாகாமற் போனதற்குக் காரணங்கள் எளியவை. விழுங்கினால் வயிற்றில் செரித்துவிடும். ஊசி மூலம் செலுத்தினால் என்சைம்கள் விரைவில் சிதைத்துவிடும். எஞ்சியதை, இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையே உள்ள தடுப்பு எளிதில் உள்ளே விடாது. இவை அனைத்தையும் தாண்டியபோதும் ஓர் ஏமாற்றம் காத்திருந்தது: விலங்குகளுக்கு இடைவிடாமல் கொடுத்தால் அக அபினியும் மார்பீனைப் போலவே அடிமைப்படுத்தியது. பண்பு பொருளில் மட்டும் இல்லை. வரும் அளவிலும் நேரத்திலும் இருக்கிறது.

வேறொரு வழியும் முயன்று பார்க்கப்பட்டது. பெப்டைடை வெளியிலிருந்து கொடுப்பதற்குப் பதிலாக, உள்ளே இருப்பதைச் சிதைக்கும் என்சைமைத் தடுத்தால் என்ன? அவ்வாறு தடுக்கும் ரேசிகாடோட்ரில் என்ற மருந்து, குழந்தைகளின் பேதிக்காக நம் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. குழந்தையின் குடலில் ஊறும் என்கெஃபலினே சற்று அதிக நேரம் தங்கிப் பேதியைக் குறைக்கிறது என்பதை அறிந்து அதை வாங்கும் தாய்மார் எத்தனை பேர்? 1991இல் பிரெஞ்சு மருத்துவர்கள் அதே மருந்தை நிறுத்தத் துன்பத்துக்குக் கொடுத்துப் பார்த்து, சில குறிகள் நன்றாகத் தணிந்தன என்று அறிவித்தார்கள். எனினும் அது இத்துறையில் வழக்கமான மருந்தாக நிலைபெறவில்லை. எண்டார்பினைப் பெருக்கும் என்று விளம்பரம் செய்யப்படும் பொடிகளையும் மாத்திரைகளையும் நம்பி ஒருவரும் சிகிச்சையை ஒத்திப்போடலாகாது.

இன்று கைகொடுப்பவை வேறு. நீலப் புள்ளியின் முழக்கத்தை அடக்கக் குளோனிடின் என்ற இரத்த அழுத்த மருந்து உதவும் என்று 1978இல் ஏல் பல்கலைக்கழக மருத்துவர்கள் காட்டினார்கள். அதைவிடப் பெரிய துணை, நாக்கின் கீழ் வைக்கும் பியூப்ரநார்பின் மாத்திரை. அபினிப் பாலில் உள்ள தீபெயின் என்ற பொருளிலிருந்தே அது செய்யப்படுகிறது. அது ஏற்பியை இறுகப் பற்றிக்கொள்ளும். ஆனால் பாதி அளவுக்கே திறக்கும். ஆகவே துன்பம் தணிகிறது, போதை ஏறுவதில்லை, மூச்சு அடங்கும் அபாயமும் குறைவு. ஒரு முறை வைத்தால் ஒரு நாள் தாங்கும். முந்திய மருந்தின் வேகம் தீர்ந்து துன்பம் தொடங்கிய பிறகே முதல் மாத்திரை தரவேண்டும். அவசரப்பட்டால் அதுவே துன்பத்தைக் கிளப்பிவிடும். மாதக் கணக்கிலோ ஆண்டுக் கணக்கிலோ இதைத் தொடர்ந்து உட்கொள்பவர்களை ‘ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை’ என்று ஏளனம் செய்வோர் உண்டு. நீரிழிவுக்காரர் இன்சுலின் போட்டுக்கொள்வதை நாம் அவ்வாறு ஏளனம் செய்வதில்லை.

பெங்களூர் ஓசூர் சாலையில் இரண்டு பெரிய மருத்துவ நிலையங்கள் அருகருகே இருக்கின்றன. ஒன்று கிதுவாய் புற்றுநோய் மருத்துவமனை. அங்கே வேதனையால் துடிப்பவருக்கு மார்பீன் வரப்பிரசாதம். மற்றொன்று நிம்ஹான்ஸ், 1954இல் அகில இந்திய மனநல நிலையமாக எழுந்து, 1974இல் இப்பெயர் பெற்றது. அதன் அடிமைப்பழக்க சிகிச்சைப் பிரிவில் அதே மார்பீனின் உறவுப் பொருள்களிலிருந்து மக்கள் மீட்கப்படுகிறார்கள். ஒரே சாலையில் நடந்து செல்பவருக்கு இது முரண்பாடாகத் தோன்றலாம். மருந்து ஒன்றே, கொடுக்கும் காரணமும் அளவும் கண்காணிப்பும் வேறு. 2019இல் வெளியான தேசியக் கணக்கெடுப்பின்படி, அபினி இனப் பொருள்களால் தீங்குற்று உதவி தேவைப்படுவோர் நம் நாட்டில் ஏறக்குறைய 77 லட்சம் பேர். புற்றுநோயாளிக்கு உரிய மார்பீனை இந்த எண்ணைக் காட்டி மறுப்பது கொடுமை என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

நண்பரின் தம்பி மாடி அறையிலிருந்து நான்காம் நாள் வெளியே வந்தார். வீட்டார் வெற்றி என்று எண்ணினார்கள். ஆனால் உடல் இதற்குள் பழைய தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. இரண்டு மாதத்துக்குப் பிறகு ஒரு நாள், முன்பு வழக்கமாகச் சாப்பிட்ட அளவையே அவர் மறுபடியும் சாப்பிட்டார். உதடு நீலம் பாய்ந்து, நிமிஷத்துக்கு நாலைந்து மூச்சே வாங்கிக்கொண்டிருந்த நிலையில் தாயார் கண்டார். மருத்துவமனையில் நலாக்சோன் ஊசி போட்டார்கள். அபர்டீனில் தசைத் துண்டை மறுபடி துடிக்கவைத்த அதே மருந்து. மருத்துவர் துணையின்றி வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டவர்கள் மடிவது பெரும்பாலும் நிறுத்தும்போது அன்று, இப்படித் திரும்பும்போதுதான். நிறுத்தும்போதும் வாந்தி பேதியால் உடலில் நீர் வற்றிப்போகும் அபாயம் உண்டு.

சட்டம் இவ்விஷயத்தில் வீட்டாரைவிடக் கருணை உடையதாக இருக்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ பிரிவு, சிறு அளவு வைத்திருந்த குற்றத்துக்கு உள்ளான அடிமை ஒருவர் தாமாகவே முன்வந்து அங்கீகாரம் பெற்ற நிலையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து காப்பு அளிக்கிறது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், மது, போதைப்பொருள் ஆகியவற்றால் விளையும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோயின் இலக்கணத்தில் சேர்த்து, நோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைப்பதைத் தடை செய்கிறது. 2022 முதல் நடைபெற்றுவரும் டெலிமானஸ் என்னும் இலவசத் தொலைபேசிச் சேவையின் எண் 14416. போதை மீட்புக்கென மத்திய அரசு வைத்துள்ள தனி எண் 14446. டெலிமானஸில் தமிழிலும் பேசலாம்.

அந்தத் தம்பி இப்போது ஓசூர் சாலைக்குச் சென்று மாத்திரை வாங்கி வருகிறார். தகப்பனார்தான் உடன் செல்கிறார். பரிசோதனை நாள்களுக்கு முன் கசகசாப் பாயசம் வேண்டாம் என்று அங்கே சொல்லியிருக்கிறார்களாம். வீட்டில் அந்த நாள்களில் சிறுபருப்புப் பாயசம் செய்கிறார்கள்.